வீட்டில் கிற்றார் ஒலிப்பதிவு: மொடலரையும் சிறிய அம்பையும் சேர்த்துப் பயன்படுத்தும் முறை

கார்த்திகை மாதத்தில் தகரக் கூரையின் கீழ் இருந்து கிற்றாரைப் பதிவு செய்ய முயன்ற எவருக்கும், மைக்கை அம்பின் (கிற்றாரின் ஒலியைப் பெருக்கும் அம்ப்ளிஃபயரின்) வாயிலேயே வைத்தாலும் மழையை வெல்ல முடியாது என்பது தெரியும். பதிவைத் திரும்பப் போட்டுக் கேட்டால், தந்தியின் ஒலிக்குப் பின்னால் தகரத்தின் இரைச்சல் நிறைந்திருக்கும். மழை விட்டதும் தவளைகள் தொடங்கும். அவை ஓயும் நேரம் பார்த்து ஒழுங்கையால் ஒரு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் போகும். கிளிநொச்சியிலோ மல்லாவியிலோ புதுக்குடியிருப்பிலோ ஒரு வீட்டுத்திட்ட வீட்டின் முன்னறையில் இருந்து இசை பழகும் பிள்ளைக்கு, ஒலி புகாத அறை கட்டிக்கொள்ளும் வசதி கிடையாது. ஆனால் கிற்றாரின் சமிக்ஞையை நேரடியாகக் கணினிக்குள் அனுப்பும் மொடலர் ஒன்று கையில் இருந்தால், கூரையில் மழை கொட்டிக்கொண்டிருக்கும்போதே அந்த மழை ஒரு துளியும் விழாத பதிவை எடுக்கலாம்.

ஒரு மின்கிற்றாரும் 10 அல்லது 20 வாற் அளவிலான பயிற்சி அம்பும் ஏற்கெனவே வைத்திருந்து, இப்போது ஒரு மொடலரை வாங்கியவர்களுக்காக, அல்லது வெளிநாட்டு உறவினர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்ததைப் பெற்றவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர்களிடமிருந்து நான் திரும்பத் திரும்பக் கேட்கும் முறைப்பாடு ஒன்று உண்டு. ஹெட்போனில் நன்றாக இருந்த ஒலி, அம்பில் போட்டதும் அடைபட்டு மந்தமாகிவிடுகிறது; அல்லது அம்பில் நன்றாக இருந்த ஒலி, கணினியில் பதிந்ததும் தேனீக் கூட்டைக் கலைத்ததுபோல் இரைகிறது. கருவி பழுது என்று எண்ணி அதைக் குறைந்த விலைக்கு விற்றுவிட்டவர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலான வேளைகளில் கருவியில் எந்தக் குறையும் இருப்பதில்லை. இரண்டு கருவிகளும் ஒரே வேலையைச் செய்துகொண்டிருக்கும். இல்லாவிட்டால் அந்த வேலையை இரண்டுமே செய்யாமல் விட்டிருக்கும்.

எந்தக் கருவி எந்த வேலையைச் செய்கிறது

ஒரு கிற்றார் அம்பைத் திறந்து பார்க்காமலேயே அதை மூன்று பகுதிகளாக மனத்தில் பிரித்துக்கொள்ளலாம். முதலாவது பிரீஅம்ப். தந்தியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பிக்கப்பில் இருந்து வரும் மிக மெல்லிய சமிக்ஞையை வளர்த்து, கெயின், பேஸ், ட்ரெபிள் முதலிய குமிழ்களால் அதற்குக் குணம் கொடுப்பது இதுவே. இரண்டாவது பவர் அம்ப். இது அந்தச் சமிக்ஞைக்கு ஸ்பீக்கரை அசைக்கும் வலுவைத் தருகிறது. மூன்றாவது ஸ்பீக்கரும் அது பொருத்தப்பட்டிருக்கும் பெட்டியும். புதியவர்கள் கவனிக்காமல் விடுவது இந்த மூன்றாவதைத்தான். பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கர் எல்லா ஒலிகளையும் இயன்றவரை அப்படியே தர முயலும். கிற்றார் ஸ்பீக்கரோ ஏறக்குறைய 5,000 ஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட கூர்மையான ஒலிகளை வேகமாகத் தணித்துவிடும். டிஸ்டோர்ஷனில், அதாவது ஒலியை வேண்டுமென்றே சிதைப்பதில், பிறக்கும் கீச்சென்ற இரைச்சலை அடக்கி, நாம் பாடல்களில் கேட்டுப் பழகிய கிற்றார் ஒலியாக அதை மாற்றுவது இந்தத் தணிப்பே.

மொடலர் என்பது இந்த மூன்றையும், அவற்றோடு பெடல்களையும், கணக்கீட்டினால் போலச்செய்யும் ஒரு சிறிய கணினியாகும். 1995இல் வந்த ரோலண்ட் வி.ஜி.-8 இந்த வழியைத் தொடக்கியது. 1998இல் லைன் 6 நிறுவனத்தின் சிவப்பு நிறப் பொட் அதை வீட்டு ஒலிப்பதிவாளர்களின் மேசைக்குக் கொண்டுவந்தது. இன்று கைக்கு எட்டும் விலையில் கிடைக்கும் பொஸ், ஸூம், நக்ஸ், மூவர் போன்றவற்றின் சிறிய பெடல்களும் அதே வேலையைத்தான் செய்கின்றன. அவற்றின் திரையில் தெரியும் கட்டங்களில் ஒன்று அம்ப், ஒன்று கபினெட், மற்றவை எஃபெக்ட்ஸ். கபினெட் என்ற கட்டமே மேலே சொன்ன ஸ்பீக்கர் பெட்டியின் போலி. சில கருவிகள் அதை ஐ.ஆர். (இம்பல்ஸ் ரெஸ்பொன்ஸ் என்பதன் சுருக்கம்) என்று காட்டும்.

இதிலிருந்து வரும் ஒரே விதியை இந்தக் கட்டுரை முழுவதற்கும் அடிப்படையாகக் கொள்ளுங்கள்: கிற்றாரிலிருந்து கேட்பவரின் காதுவரை சமிக்ஞை போகும் பாதையில் ஒரு பிரீஅம்பும் ஒரு கிற்றார் ஸ்பீக்கரும் மட்டுமே இருக்க வேண்டும். மொடலரில் அம்பையும் கபினெட்டையும் போட்டுவிட்டு அதை உண்மையான அம்பின் முன்வாயில் செருகினால், சமிக்ஞை இரண்டு பிரீஅம்புகளையும் இரண்டு ஸ்பீக்கர்களையும் கடக்கிறது. ஒலி அடைபட்டு, சேறாகிவிடும். கபினெட்டை நிறுத்திவிட்டு நேரே கணினிக்கு அனுப்பினால் ஸ்பீக்கரே இல்லாத பாதை அது; தேனீக் கூடு அங்கேதான் கலைகிறது. நான் முதன்முதலாகச் செய்த பதிவில் மூன்று இரவுகள் இந்த இரண்டாவது தவறோடு போராடினேன். ட்ரெபிளைக் குறைத்தேன், தந்தியை மாற்றினேன், கேபிளை மாற்றினேன். கபினெட் கட்டம் அணைந்திருந்ததை நான்காம் நாள் ஒரு நண்பர் பார்த்துச் சொன்னார். அதை மீண்டும் போட்ட அந்தக் கணத்தில், அதே கிற்றார் அதே விரல்களுக்கு அடங்கிப் பேசியது.

செருகுவதற்கு முன் மின்சாரம்

வன்னியில் இதை முதற்படியாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இங்குள்ள நல்ல கருவிகளில் கணிசமானவை புலம்பெயர்ந்த உறவுகளின் பெட்டிகளில் வந்து சேர்ந்தவை. இலண்டன், பாரிஸ், சூரிச், ஒஸ்லோ, சிட்னி ஆகிய இடங்களிலிருந்து வந்த அம்ப் நமது 230 வோல்ற் மின்சாரத்தில் இயங்கும்; பிளக்கின் முனை மட்டுமே வேறுபடும். கனடாவிலிருந்து வந்தது அப்படியல்ல. அங்கு வீட்டு மின்சாரம் 120 வோல்ற். அந்த அம்பை இங்கே அப்படியே செருகினால், சுவிட்சைப் போட்ட உடனேயே பியூஸ் போகலாம். பியூஸோடு உள்ளிருக்கும் ட்ரான்ஸ்ஃபோர்மரும் கருகலாம். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மாமா ஆசையோடு கொண்டுவந்த அம்ப், வந்த அன்று மாலையே இப்படி முடிந்தது. பின்பக்கத் தகட்டில் எழுதியிருப்பதை முதலில் வாசியுங்கள். 120 வோல்ற் என்று மட்டும் இருந்தால், போதிய வாற் அளவுள்ள ஸ்டெப்டவுன் ட்ரான்ஸ்ஃபோர்மர் வாங்கும்வரை அதைச் செருக வேண்டாம். மொடலரின் அடப்டரில் 100–240 என்று அச்சிட்டிருந்தால் அது எங்கும் இயங்கும்.

அடப்டர் தொலைந்துபோய் வேறொன்று வாங்குபவர்கள் மூன்று விடயங்களைப் பொருத்திப் பார்க்க வேண்டும். வோல்ற் அளவு சரியாக அதே அளவாக இருக்க வேண்டும். பெரும்பாலான பெடல்களுக்கு அது 9. மில்லி அம்பியர் அளவு கேட்டதற்குக் குறையக்கூடாது, கூடினால் பாதிப்பில்லை. நடுமுனை நேரா மறையா என்பதைக் காட்டும் சிறிய படமும் ஒத்திருக்க வேண்டும். கிற்றார் பெடல்களில் பெரும்பாலும் நடுமுனை மறை, ஆனால் சந்தையில் கிடைக்கும் பொதுவான அடப்டர்களில் பெரும்பாலும் நடுமுனை நேர். இதைப் பார்க்காமல் செருகிக் கருவியை இழப்பது மிக எளிது. பொஸ் ஜி.ரி.-1, ஸூம் ஜி1 ஃபோர் போன்றவை 4 சிறிய ஏஏ பற்றரிகளிலும் இயங்குவதால், மின்வெட்டு நாட்களுக்கு அவை மிகவும் உகந்தவை.

எர்த் என்று நாம் சொல்லும் புவியிணைப்பு உங்கள் வீட்டில் சரியாக இருக்கிறதா என்பதை ஒரு மின்பணியாளரைக் கொண்டு பார்த்துக்கொள்ளுங்கள். கிற்றாரின் தந்தியும் உங்கள் கையும் அம்பின் உலோகச் சட்டத்தோடு மின்வழியாகத் தொடர்புபட்டிருக்கின்றன. இரைச்சலைக் குறைக்கலாம் என்று சொல்லி அம்பின் மூன்றாவது முனையை வெட்டிவிடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது உயிரோடு விளையாடுவது, எவர் சொன்னாலும் செய்யாதீர்கள். சித்திரையிலும், ஐப்பசி கார்த்திகையிலும் பிற்பகலில் இடி தொடங்கினால், சுவிட்சை அணைத்தது போதும் என்று இருந்துவிடாமல் பிளக்கையே சுவரிலிருந்து கழற்றி விடுங்கள். மழைக்குள் பதிவு செய்யலாம் என்று தொடக்கத்தில் சொன்னேன். இடி மின்னலுக்குள் செய்யலாம் என்று சொல்லவில்லை.

அம்பின் துளைகளைப் பார்த்து வழியைத் தீர்மானித்தல்

இப்போது அம்பைத் திருப்பி, அதில் என்னென்ன துளைகள் இருக்கின்றன என்று பாருங்கள். வழி அதிலேயே தீர்மானமாகிவிடும்.

பின்பக்கத்தில் எஃப்.எக்ஸ். ரிட்டர்ன் அல்லது பவர் அம்ப் இன் என்று எழுதிய துளை இருந்தால் நீங்கள் நல்ல நிலையில் இருக்கிறீர்கள். பொஸ் கட்டானா 50 எம்.கே.2 போன்ற அம்புகளில் இது உண்டு. மொடலரின் அவுட்புட்டிலிருந்து சாதாரண கிற்றார் கேபிளை அதில் செருகினால், சமிக்ஞை அம்பின் பிரீஅம்பைத் தாண்டி நேரே பவர் அம்புக்குப் போகும். எனவே மொடலரில் அம்ப் கட்டத்தைப் போடுங்கள், கபினெட் கட்டத்தை அணையுங்கள்; ஸ்பீக்கர் வேலையை உண்மையான ஸ்பீக்கரே செய்துகொள்ளும். அம்பின் கெயின், பேஸ், ட்ரெபிள் குமிழ்கள் இப்போது பெரும்பாலும் வேலை செய்யா. சில அம்புகளில் மாஸ்டர் வொல்யூமும் வேலை செய்யாது. ஆகையால் மொடலரின் வொல்யூமைப் பூச்சியத்தில் வைத்துக்கொண்டே அம்பை இயக்கி, மெதுவாகக் கூட்டுங்கள். மூன்று வழிகளிலும் நான் விரும்புவது இதுவே, ஏனெனில் மொடலருக்குள் நீங்கள் தெரிந்தெடுத்த அம்பின் குணம் இதில் ஏறக்குறைய அப்படியே வெளிவரும்.

மிகச் சிறிய அம்புகளில் அந்தத் துளை இருக்காது. ஃபெண்டர் ஃபிரொன்ட்மான் 10ஜி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: 10 வாற், 6 அங்குல ஸ்பீக்கர், கிற்றாருக்கு ஒரு இன்புட், பாட்டுக்கு ஒரு ஓக்ஸ் இன், ஒரு ஹெட்போன் துளை, அவ்வளவுதான். முன்பக்க இன்புட்டில் செருகுவதாயின், மொடலரில் அம்பையும் கபினெட்டையும் இரண்டையும் அணைத்துவிட்டு எஃபெக்ட்ஸை மட்டும் வைத்திருங்கள். அம்பை அதன் தெளிவான சனலில் விட்டு, கெயினைக் குறைத்து, பேஸையும் ட்ரெபிளையும் நடுவில் நிறுத்துங்கள். ஓவர்டிரைவ், கோரஸ், சிறிதளவு டிலே ஆகியவை இப்படி நன்றாகவே ஒலிக்கும். அம்பின் சொந்த டிஸ்டோர்ஷனைப் பயன்படுத்த விரும்பினால் மொடலரின் ரிவேர்பையும் டிலேயையும் நிறுத்திவிடுங்கள். எதிரொலி முதலில் பிறந்து, பின்னர் அந்த எதிரொலியே சிதைக்கப்படும்போது சொற்கள் விளங்காத பேச்சுப் போலாகிவிடும்.

மூன்றாவது வழி ஓக்ஸ் இன். மொடலரின் ஹெட்போன் துளையிலிருந்து இரு பக்கமும் ஸ்டீரியோ முனையுள்ள வயர் ஒன்றால் இதில் இணைக்கலாம். ஒரு பக்கம் மொனோ முனையுள்ள கிற்றார் வயரை ஹெட்போன் துளையில் செருகாதீர்கள். வலது பக்கச் சமிக்ஞை அதில் குறுக்குச்சுற்றாகிவிடும். இங்கே அம்ப் கட்டம் போடப்பட்டிருக்க வேண்டும். கபினெட்டைப் போடுவதா விடுவதா என்பதைக் காதால் முடிவுசெய்யுங்கள். யமஹா ரி.எச்.ஆர். போல, பாட்டுக் கேட்பதற்கும் ஏற்ற ஸ்பீக்கர்கள் உள்ள அம்பாயின் கபினெட் வேண்டும். சாதாரணப் பயிற்சி அம்பாயின், அதன் கிற்றார் ஸ்பீக்கர் ஏற்கெனவே கூர்மையைத் தணிப்பதால், கபினெட்டை அணைத்தால் ஒலி தெளிவடையக்கூடும்.

எந்த வழியானாலும் ஒரு எச்சரிக்கை உண்டு. அம்பில் ஸ்பீக்கர் அவுட் என்ற துளை இருந்தால், அதிலிருந்து மொடலருக்கோ கணினிக்கோ எதையும் இணைக்கக்கூடாது. அது ஸ்பீக்கரை அசைக்கும் வலுவோடு வருவது. மறுமுனையில் இருப்பதைக் கெடுத்துவிடும்.

முதல் நாள் ஒலியைச் சரிசெய்தல்

கடையிலிருந்து வந்த மொடலரின் முதல் பேட்ச்சுகள், அதாவது அதில் சேமித்துள்ள ஒலி அமைப்புகள், வாங்குபவரை வியக்கவைப்பதற்காக அமைக்கப்பட்டவை. அவற்றில் கெயினும் ரிவேர்பும் டிலேயும் நிறைந்திருக்கும். தனியே கேட்க இனிமை, பாடலுக்குள் வைத்தால் எல்லாவற்றையும் மூடிவிடும். ஆகவே வெறுமையான பேட்ச் ஒன்றைத் திறந்து, எல்லாக் கட்டங்களையும் அணைத்துவிட்டு, ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு போங்கள். ட்யூனரில் சுருதி சேர்த்த பிறகு, கிற்றாரின் வொல்யூமை முழுவதும் திறந்து, ஒரு எளிய ஈ மைனர் கோர்டை மென்மையாகவும் பின்னர் வலுவாகவும் மீட்டுங்கள். வலுவாக மீட்டும்போது மட்டும் ஒலி சற்றுக் கரகரக்கும் அளவுக்கு அம்ப் கட்டத்தின் கெயினை வைத்துக்கொண்டு, அதற்கு மேல் தேவையென்று தோன்றுவதில் கால்வாசியைக் குறைத்துவிடுங்கள். அறையில் தனியே வாசிக்கும்போது போதாது என்று தோன்றும் கெயின், பதிவில் போதுமானதாக இருக்கும் என்பதை இரண்டு மூன்று பதிவுகளுக்குள் நீங்களே காண்பீர்கள்.

ஒலியின் அளவும் முக்கியம். வீட்டார் உறங்கிய பின் மிக மெதுவாக வைத்து அமைத்த பேட்ச், பகலில் சத்தமாகப் போடும்போது பேஸ் முட்டி, ட்ரெபிள் குத்தும். நமது காது மெல்லிய ஒலியில் அடிக்குரலையும் உச்சக்குரலையும் குறைவாகக் கேட்பதே அதற்குக் காரணம். சாதாரணமாகக் கதைக்கும் சத்த அளவில் அம்பை வைத்து அமைத்துக்கொண்டால் இரண்டு பக்கத்துக்கும் பொருந்தும்.

இங்கே இந்த முறையின் முடிச்சு ஒன்று இருக்கிறது. அம்பின் வழியே கேட்கும்போது கபினெட் அணைந்திருக்க வேண்டும்; கணினிக்குப் பதியும்போது அது எரிந்துகொண்டிருக்க வேண்டும். விலை கூடிய மொடலர்களில் ஒரு அவுட்புட்டுக்கு மட்டும் கபினெட்டைப் போட முடியும். சிறியவற்றில் முடியாது. எளிய தீர்வு, ஒரே பேட்ச்சை இரண்டாகச் சேமித்துக்கொள்வது: ஒன்று அம்புக்கு, கபினெட் இல்லாமல், மற்றது பதிவுக்கு, கபினெட்டோடு. இரண்டையும் அடுத்தடுத்த இடங்களில் வைத்தால் ஒரு மிதியில் மாறிவிடலாம். அம்போடு பழகி, கை சூடேறிய பின், பதிவுப் பேட்ச்சுக்கு மாறி ஹெட்போனிலோ ஓக்ஸ் வழியிலோ கேட்டுக்கொண்டு பதிவு செய்யுங்கள்.

கணினிக்குள் பதிதல்

உங்கள் மொடலரின் யூ.எஸ்.பி. துளை ஒலியைக் கடத்துகிறதா என்பதை அதன் கையேட்டில் பாருங்கள். பொஸ் ஜி.ரி.-1, நக்ஸ் எம்.ஜி.-300 போன்றவை கடத்தும். சில கருவிகளில் அந்தத் துளை மென்பொருளைப் புதுப்பிக்கவும் பேட்ச்சுகளை மாற்றவும் மட்டுமே உதவும். அவற்றுக்கு இரண்டு இன்புட் உள்ள ஓடியோ இன்டர்ஃபேஸ் (ஒலியைக் கணினிக்குள் கொண்டுசெல்லும் பெட்டி) ஒன்றோ, லைன் இன் உள்ள மலிவான யூ.எஸ்.பி. சவுண்ட் கார்ட் ஒன்றோ தேவை. மடிக்கணினியின் ஒற்றைத் துளையில் நேரே செருகுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது கைத்தொலைபேசி ஹெட்செட்டின் மைக்குக்காக அமைந்தது. மொடலரின் வலுவான சமிக்ஞை அதில் உடனே கிழிந்துவிடும்.

பதிவுக்கான மென்பொருளாக, 2000ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகக் கிடைக்கும் ஓடாசிற்றியே தொடக்கத்துக்குப் போதும். பல தடங்களை அடுக்கத் தொடங்கும்போது ரீப்பர் வசதியாக இருக்கும். அதை 60 நாட்கள் கட்டணமின்றிப் பயன்படுத்திப் பார்க்கலாம். விண்டோஸ் கணினியில் மொடலர் நிறுவனத்தின் ட்ரைவரை முதலில் நிறுவி, மென்பொருளில் பதிவுக் கருவியாகவும் கேட்புக் கருவியாகவும் மொடலரையே தெரிவுசெய்யுங்கள். 44,100 ஹேர்ட்ஸ், 24 பிட் என்ற அளவு வீட்டுப் பதிவுக்குத் தாராளம்.

பிறகு அளவை வைத்தல். பாடலின் மிகச் சத்தமான பகுதியை வாசித்துக்கொண்டு மென்பொருளின் மானியைப் பாருங்கள். அதன் உச்சி மறை 12 டெசிபலுக்கும் மறை 6 டெசிபலுக்கும் இடையில் நிற்கும்படி மொடலரின் வெளியீட்டைக் குறையுங்கள். பூச்சியத்தைத் தொட்டால் அலையின் தலை வெட்டுப்பட்டுவிடும். அந்த வெட்டை எந்த மென்பொருளாலும் சரியாக ஒட்டமுடியாது. அளவு சிறிதாக இருப்பதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை, பின்னர் உயர்த்திக்கொள்ளலாம்.

தந்தியை மீட்டியதற்கும் ஹெட்போனில் கேட்பதற்கும் இடையே தாமதம் இருந்தால் தாளம் தவறும். 44,100 ஹேர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் (கணினி ஒரு தடவையில் சேர்த்துவைத்துக் கையாளும் ஒலித்துண்டின் அளவு) என்பது ஏறக்குறைய 3 மில்லிசெக்கன், 512 என்பது 12 மில்லிசெக்கன். போகவும் வரவும் இரண்டு முறை இந்தத் தாமதம் சேரும். மொடலர் வைத்திருப்பவருக்கு இதில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. கணினியைச் சுற்றி வரும் ஒலியைக் கேட்காமல், மொடலரின் ஹெட்போன் துளையிலிருந்தே நேராகக் கேட்கலாம். மென்பொருளில், பதியும் ஒலியைத் திருப்பி ஒலிபரப்பும் வசதியை அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் ஒவ்வொரு சுரமும் இரண்டு முறை கேட்கும். ஓடாசிற்றியில் இரண்டாவது தடத்தைப் பதிந்தபின் அது முதலாவதோடு பொருந்தாமல் முன்பின்னாக நின்றால், உங்கள் வாசிப்பைக் குறைகூறுவதற்கு முன், அமைப்புகளில் தாமத ஈடு என்ற எண்ணைப் பாருங்கள். அது பொதுவாக மறை 130 மில்லிசெக்கனாக வைக்கப்பட்டிருக்கும். உங்கள் கருவிக்கு அது ஒத்துவராமல் இருக்கலாம்.

அம்பின் உயிர்ப்பைப் பதிவில் சேர்த்தல்

நேரடிப் பதிவு தெளிவானது, ஆனால் சிலவேளை காற்றே இல்லாத இடத்தில் பிறந்ததுபோல் இருக்கும். மழை இல்லாத ஒரு மாலையில், உங்கள் அம்பின் உண்மையான ஒலியையும் அதனோடு சேர்த்துப் பார்க்கலாம். 1965 முதல் உலகமெங்கும் இதற்குப் பயன்படும் ஷூவர் எஸ்.எம்.57 போன்ற டைனமிக் மைக்கும் இன்டர்ஃபேஸும் இருந்தால், மைக்கை அம்பின் துணியிலிருந்து இரண்டு விரல் தள்ளி, ஸ்பீக்கரின் நடுக்குமிழும் கூம்பும் சந்திக்கும் ஓரத்தை நோக்கி வையுங்கள். நடுவை நோக்கி நகர்த்தினால் ஒலி கூர்மையாகும், ஓரத்துக்குப் போனால் கனமாகும். அரை அங்குல நகர்வு, ட்ரெபிள் குமிழைத் திருப்புவதைவிட அதிகம் மாற்றும். மைக் முதலாவது இன்புட்டில், மொடலரின் வெளியீடு இரண்டாவதில்.

இவை இல்லாதவர்கள், கைத்தொலைபேசியை அம்பிலிருந்து ஒரு முழம் தள்ளி, ஒரு தலையணையின் மேல் வைத்துத் தனியே பதிந்து, அந்தக் கோப்பைக் கணினிக்கு மாற்றினால் போதும். நான் செய்யும் ஒன்றை அப்படியே சொல்கிறேன். பதிவு தொடங்கியதும், இடது கையால் தந்திகளை மூடிக்கொண்டு வலது கையால் ஒரு முறை சுருக்கமாக அடிக்கிறேன். டிக் என்ற அந்த ஒலி இரண்டு கோப்புகளிலும் பதியும். பிறகு மென்பொருளில் இரண்டு தடங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, அந்த டிக் ஒலியின் அலை தனித்தனிப் புள்ளிகளாகத் தெரியும்வரை பெரிதாக்குகிறேன். மைக் தடம் சற்றுப் பிந்தி நிற்கும். நமது வெப்பநிலையில் ஒலி ஒரு மில்லிசெக்கனில் ஏறக்குறைய 35 சென்ரிமீற்றர்தான் போகிறது. இரண்டு தடங்களின் முதல் மேடுகளையும் நேர்கோட்டில் கொண்டுவந்து இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிட்டால், தனித்தனியே கேட்டதைவிட ஒலி கனத்திருக்க வேண்டும். மாறாக மெலிந்து, உள்ளே குடைந்ததுபோல் கேட்டால், ஒன்றன் மேடு மற்றதன் பள்ளத்தில் விழுகிறது என்று பொருள். ஒரு தடத்தைத் தலைகீழாக்கும் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். தொலைபேசிக்கும் கணினிக்கும் கடிகாரங்கள் வேறாகையால் நீண்ட பாடலின் முடிவில் இரண்டும் சிறிது விலகக்கூடும். அப்படியானால் நடுவில் ஒரு மௌனமான இடத்தில் வெட்டி மீண்டும் பொருத்துங்கள். மைக் தடத்தை நேரடித் தடத்தைவிடத் தாழ்வாக வைத்தால், அதன் சொந்த இரைச்சல் வெளியே தெரியாமல் அறையின் மூச்சு மட்டும் சேரும்.

இரைச்சல் வந்தால்

தொடர்ச்சியான ஊமென்ற ஒலி எங்கிருந்து வருகிறது என்பதை, கிற்றாரின் வொல்யூமைப் பூச்சியமாக்கிக் கண்டுபிடிக்கலாம். ஒலி நின்றுவிட்டால் அது பிக்கப்பினூடாக வருகிறது. சிங்கிள் கொயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப் உள்ள கிற்றாரோடு கதிரையை மெதுவாகத் திருப்பினால், அது ஏறக்குறைய மறையும் ஒரு திசை இருக்கும், அந்தத் திசையிலேயே இருந்து வாசியுங்கள். நிற்காவிட்டால், மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றி பற்றரியில் விட்டுப் பாருங்கள். அதில் மறைந்துவிட்டால், அம்பும் கணினியும் வெவ்வேறு பிளக் பொயின்றுகளில் நின்று எர்த் வழியே ஒரு வளையத்தை அமைத்திருக்கின்றன. இரண்டையும் ஒரே நீட்டிப்புப் பலகைக்கு மாற்றுங்கள். மலிவான சோலார் இன்வேட்டரிலும் சிறிய மின்பிறப்பாக்கியிலும் வரும் இரைச்சலுக்கு இந்த வைத்தியம் பலிக்காது, பற்றரியில் இயங்கும் மொடலரே அங்கு உதவும். வாசிக்காத இடைவெளியில் ஒலியை மூடிவிடும் நொய்ஸ் கேட் எஃபெக்ட்டைக் கடைசி வழியாக மட்டும் பயன்படுத்துங்கள். அதிகமாகப் போட்டால், நீட்டி விட்ட சுரத்தின் வாலை அது அறுத்துவிடும்.

குமிழைத் திருப்பும்போது மட்டும் கரகரவென்று கேட்டால் அது தூசி. கோடையில் நமது செம்மண் எதற்குள்ளும் போகும். கொன்டாக்ட் கிளீனர் ஒரு சிறு தெளிப்பும், குமிழை இருபது முறை முழுவதும் திருப்பிவிடுவதும் பெரும்பாலும் சரிசெய்யும். வாசிக்காத நேரத்தில் ஒரு பழைய சாரத்தால் அம்பையும் மொடலரையும் மூடி வைத்தால் அந்தத் தேவையும் குறையும்.

பதிவைச் சேமித்தல்

வேலை நடந்துகொண்டிருக்கும் தடங்களை வேவ் வடிவிலேயே வைத்திருங்கள். 44,100 ஹேர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோவில் ஒரு நிமிடம் ஏறக்குறைய 10 மெகாபைட் பிடிக்கும். மூன்று நிமிடப் பாடலொன்றைத் தொலைபேசித் தரவில் கனடாவுக்கு அனுப்ப அது பெரியது, ஆகையால் அனுப்புவதற்கு மட்டும் 192 கிலோபிட் எம்.பி.3ஆக மாற்றினால் 5 மெகாபைட்டுக்குள் அடங்கும். ஒவ்வொரு நாளின் கோப்புகளையும் ஒரு பென்டிரைவில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். கோப்பின் பெயரில் திகதியையும், பயன்படுத்திய பேட்ச்சின் எண்ணையும், கபினெட் இருந்ததா இல்லையா என்பதையும் எழுதி, அம்பின் குமிழ்கள் நின்ற நிலையைத் தொலைபேசியில் ஒரு படம் எடுத்து அதே கோப்புறையில் போடுங்கள். அடுத்த கிழமை அதே பாடலில் ஒரு வரியை மட்டும் திருத்திப் பதிய நேர்ந்தால், அந்தப் படத்தைப் பார்த்துக் குமிழ்களை வைத்து, முன்பு பதிந்த ஒலியிலேயே அந்த வரியை வாசித்து முடிக்கலாம்.